கடிக்காத நாய்க்குப் பத்தியம்

இடது கையில் போடச் சொன்னேன். வலது கை ராட்டை சுற்றுகிற கை. அது வீங்கிக்கொண்டால் தார்க்குச்சியில் நூல் சுற்ற முடியாது, மகன் தறியில் குறுக்கே ஓட்ட ஊடை நூல் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பான்.

நர்ஸ் பெண் ஊசிக்குழலைச் சுண்டிக்கொண்டே, "எந்தக் கையானா என்னா ஆயா, ரெண்டு நாள்ல வலி போயிடும்" என்றாள்.

"ஆயா உங்க வீட்ல இருப்பாங்க. என்னை அம்மான்னு கூப்பிடு" என்றேன்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை, என்னைவிட ஐந்து வயது இளையவள். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து என் பேச்சுக்கு ஒரு எதிர்ப்பேச்சு வைத்திருப்பவள். இப்போது இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். இரண்டு பேருமே தாலி கழற்றியவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. அதற்காகத்தான் அந்த ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றோம்.

எங்கள் ஊர் சிவன் கோயில்களில் புல் செதுக்கிப் பிரகாரம் கழுவுகிற உழவாரக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பதினைந்து பேர் சேர்ந்து கைலாயத்துக்குக் கிளம்பினார்கள். நேபாளம் போய், அங்கிருந்து சீனாக்காரன் எல்லைக்குள் நுழைந்து, மலையை மூன்று நாள் கால்நடையாகச் சுற்ற வேண்டும். கூட்டத் தலைவர் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுவார். "எழுபது வயசைத் தொட்டவங்களைச் சேர்க்க மாட்டாங்க. டாக்டர் கையெழுத்து இல்லாம யாரையும் ஏத்த மாட்டாங்க" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

எனக்கு அறுபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் விட்டால் எனக்குக் கைலாயம் கிடையாது.

எங்கள் தெருவிலிருந்து கைலாசநாதர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே கருவறையைச் சுற்றிவர ஒரு குறுகலான வழி உண்டு. பொந்து மாதிரி இருக்கும். தரையோடு தரையாகப் படுத்து ஊர்ந்து உள்ளே போய், சுற்றி வந்து, மறுபடி ஊர்ந்து வெளியே வர வேண்டும். போன தை மாதம் கூட நுழைந்து வந்தேன். எனக்குப் பின்னால் வந்த காலேஜுப் பிள்ளைகள் இரண்டு பேர் பாதியில் பயந்து திரும்பிவிட்டார்கள். அதனால் டாக்டர் கையெழுத்து என்று தலைவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. யாருக்கு வேண்டுமானாலும் தடை வரட்டும், எனக்கு வராது என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அன்று மூன்று ஊசி. ஒன்று டைபாய்டுக்கு, ஒன்று மஞ்சள் காமாலைக்கு. மூன்றாவதை எடுத்தபோது எதற்கு என்று கேட்டேன்.

"நாய்க்கடி ஊசிம்மா."

"என்னை எந்த நாயும் கடிக்கலையே."

"அங்க மலைப்பக்கம் நாய் ஜாஸ்தியாம். கடிச்சுதுன்னா அங்க மருந்து கிடைக்காது. அதனால முன்னாடியே போட்டு வெச்சுக்கறது. இன்னிக்கி ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணு, நாலாவது வாரம் ஒண்ணு."

நாத்தனார் சும்மா இருப்பாளா? "எங்க அண்ணியக் கடிச்சா அந்த நாய்க்குத்தாம்மா ஊசி போடணும்" என்றாள். அந்த அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது என் அண்ணனை வெறிநாய் கடித்தது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தினமும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். வீட்டில் அம்மா பத்தியம் வைத்தாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், உப்பு கிடையாது, புளி கிடையாது, கத்திரிக்காய் கிடையாது, தாளிக்கிற வாசனை கூட அவன் மூக்கில் படக்கூடாது. அவன் அழுவான். அம்மாவும் உப்பில்லாமல் அவனோடு உட்கார்ந்து தின்பாள். அண்ணன் பிழைத்தான். ஊசி பிழைக்க வைத்ததா, பத்தியம் பிழைக்க வைத்ததா என்று எங்கள் வீட்டில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பத்தியத்தை மீறினால் ஊசி வேலை செய்யாது, விஷம் ஏறிவிடும் என்று அம்மா சொன்னது என் காதில் அப்படியே இருந்தது.

நர்ஸ் பெண் கொடுத்த தாளில் தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்புவரைதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'உணவில் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை' என்று இருந்தது. இரண்டு தரம் படித்தேன். தெரியாமல் அடித்திருக்கிறான் என்று முடிவு செய்து, தாளை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து என் சோற்றைத் தனியாக வடித்துக்கொண்டேன். மருமகள் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவள். அவசரமாகக் கிளம்பும்போது என் பாத்திரத்தில் இருந்த பருப்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள்.

"என்னா அத்தை, உப்பு போட மறந்துட்டீங்களா?"

"மறக்கல. எனக்கு அப்படித்தான் ஓணும்."

"பிபிக்கு டாக்டர் குறைக்கச் சொன்னாரா?"

"ஆமா" என்றேன். அது பொய். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், அது உண்மை. உப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருந்தார்கள், அதுவும் உண்மை. அடியோடு விடச் சொன்னது யாருமில்லை.

நாத்தனாருக்கு மட்டும் சொன்னேன். அவளும் அதே ஊசி போட்டுக்கொண்டவள். இரண்டு பேரும் சேர்ந்து பத்தியம் இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா அண்ணி? கடிக்காத நாய்க்குப் பத்தியமா?" என்றாள்.

"மருந்து உள்ள போயிருக்குது இல்ல?"

"போயிருக்குது. நான் ராத்திரி கருவாட்டுக் குழம்பு ஊத்தித் துன்னேன். குத்துக்கல்லாட்டம்தான் இருக்கறேன்."

"கைலாயம் போறவ கருவாடு துன்றியா?"

"போறதுக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்குது. சாமி இப்பவே என் வாயை மோந்து பாக்கப் போறாரா?"

அவளிடம் பேசிப் பயனில்லை. நான் என் வழியில் இருந்தேன்.

தெருவில் வேறு கதை கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் யாரோ பார்த்திருக்கிறார்கள். காலையில் வாசல் தெளிக்கும்போது எதிர்வீட்டுக்காரி கேட்டாள். "ஏன் பெரிம்மா, எந்த நாய் கடிச்சுது? அந்தக் கறுப்பா?"

"ஒரு நாயும் கடிக்கல."

"அப்புறம் எதுக்கு நாய்க்கடி ஊசி?"

நான் நேபாளம், சீனா, மலை, அங்கே இருக்கிற நாய் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, கடிக்காத நாயிக்கா ஊசி போடுவாங்க? எங்க கடிச்சுதுன்னு சொல்ல வெக்கமா இருந்தா விடுங்க" என்று கோலப்பொடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பால்காரர் கேட்டார். தறியில் பாவு நூல் பிணைக்க வந்தவர் கேட்டார். கோயிலில் பூக்காரி, "பத்தியம் இருக்கீங்களாம்மா?" என்று கேட்டபோதுதான் எனக்கு மனசு நிறைந்தது. விஷயம் தெரிந்தவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று இரண்டு முழம் கூடுதலாக வாங்கினேன்.

காலையில் ஐந்தரைக்குக் கூட்டத்தோடு நடைப்பயிற்சி. ஆட்டோவில் செவிலிமேடு போய் இறங்கி, பாலாற்றுப் பாலத்தில் அந்தக் கரைவரை போய் இந்தக் கரைக்கு வர வேண்டும். புடவைக்கு அடியில் ஷூ. மகன் வாங்கிக் கொடுத்தான். முதல் நாள் டவுன் பஸ்ஸிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் எனக்கே பழகிவிட்டது. முதல் இரண்டு வாரம் நான்தான் எல்லாருக்கும் முன்னால் போனேன். தலைவரே, "அம்மாவைப் பாருங்க, அம்மாவைப் பாருங்க" என்று மற்றவர்களை விரட்டுவார். பாலத்துக்குக் கீழே மணலும் முள்ளுமாகக் கிடக்கும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்காமல் நடப்பேன். பின்னால் நாத்தனார் தஸ்ஸு புஸ்ஸு என்று வருவாள். எனக்கு அது கேட்கக் கேட்க இனிப்பாக இருக்கும்.

தலைவருடைய தாளில் இன்னொன்றும் இருந்தது. மலைமேல் தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் தலைவலி வரும், இப்போதிருந்தே தினம் நாலு லிட்டர் குடித்துப் பழக வேண்டும். நான் ஒரு சொம்பை அதற்கென்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சொம்பு குடித்ததும் ராட்டைக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. சாயந்திரத்துக்குள் கோடு குறைந்தால் நின்றபடியே இரண்டு சொம்பு குடிப்பேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் நான். ஊசிக்கு ஊசி, பத்தியத்துக்குப் பத்தியம், தண்ணீருக்குத் தண்ணீர்.

இரண்டாவது ஊசி போட்ட வாரத்துக்குப் பிறகு கால் கனக்கத் தொடங்கியது. பாலத்தின் பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ராட்டை சுற்றும்போது இழை எங்கே அறுந்தது என்று தெரியாமல் சும்மா சுற்றிக்கொண்டிருப்பேன். மகன் தறிக்குழியிலிருந்து, "அம்மா, தார் காலியா சுத்திக்கினு இருக்குது பாரு" என்பான். எனக்கு அவன் எங்கேயோ தூரத்திலிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். சோறு பிடிக்கவில்லை. உப்பில்லாத சோறு எத்தனை நாள்தான் பிடிக்கும்? ஆனாலும் அண்ணனோடு உட்கார்ந்து அம்மா தின்றாளே என்று தின்றேன்.

பாலத்தில் நாத்தனார் என்னைத் தாண்டிப் போக ஆரம்பித்தாள். தாண்டும்போது ஒன்றும் சொல்ல மாட்டாள். எப்போதும் வம்பு பேசுகிறவள் வாயை மூடிக்கொண்டு போனதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. ஒரு நாள் திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, முகமெல்லாம் வெளுத்துப்போயிருக்குது. அந்தப் பத்தியத்தை விட்டுடு."

"இன்னும் இருபத்தஞ்சு நாள்தான்."

"கெஞ்சிக் கேக்கறேன்."

"நீ கெஞ்சறவளா? போ, நட. எனக்கு வழி தெரியும்."

நாலாவது வாரம் டாக்டர் சோதனை. அவர் சின்ன வயதுப் பெண், என் மருமகளைவிட இளையவர். ரத்தம் எடுத்தார்கள். விரலில் கிளிப் மாட்டி மூச்சு பார்த்தார்கள், அது சரியாக இருந்தது. நெஞ்சில் ஒட்டு ஒட்டி, ஓடுகிற பட்டை மேல் நிற்க வைத்து நடக்கச் சொன்னார்கள். பாலத்தை நினைத்துக்கொண்டு நடந்தேன். பட்டை கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டது. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் என்னை யாரோ பிடித்துப் படுக்க வைத்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரத்தச் சோதனைத் தாள் வந்துவிட்டிருந்தது.

"அம்மா, உடம்புல உப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. சாப்பாட்டுல உப்பு போட்டுக்கறீங்களா?"

"போட்டுக்கறேன்" என்றேன்.

"வாந்தி, பேதி ஏதாவது?"

"இல்ல."

"அப்புறம் எப்படி இவ்ளோ குறையும்?"

சுவரோரம் நின்றிருந்த நாத்தனார் சட்டென்று முன்னால் வந்தாள். "பொய் சொல்றாங்க டாக்டர். ஊசி போட்ட மறுநாள்லேருந்து உப்பைத் தொடறதில்ல. நாய்க்கடிப் பத்தியமாம். அதுக்கு மேல சொம்பு சொம்பாத் தண்ணியைக் குடிச்சுக்கினு இருக்காங்க."

அந்த நேரத்தில் எழுந்திருக்க முடிந்திருந்தால் அவளை அறைந்திருப்பேன். நாற்பத்தெட்டு வருஷத்தில் என் வீட்டு விஷயத்தை அவள் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பத்தியம் யாரு சொன்னாங்கம்மா?"

"எங்கம்மா."

"அவங்க இருக்காங்களா?"

"போயி முப்பது வருஷம் ஆச்சு."

அவர் ரத்தச் சோதனைத் தாளை என் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாக விளக்கினார். நான் சாப்பிடுகிற ரத்தக்கொதிப்பு மாத்திரை உப்பை வெளியே தள்ளுகிற வகையாம். சாப்பாட்டில் உப்பு இல்லை, மாத்திரை இருக்கிறதையும் தள்ளிவிடுகிறது, மிச்சம் இருப்பதைத் தண்ணீர் கரைத்துவிடுகிறது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். தாளில் போட்டிருந்ததே என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காதது நல்லதாகப் போயிற்று.

"உப்பு ஏறிட்டா கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"மூணு நாள்ல ஏறிடும். ஆனா இப்பப் போட மாட்டேன்மா. மாத்திரையை மாத்தணும், அது ஒத்துக்குதான்னு ரெண்டு மாசம் பாக்கணும். அந்த உசரத்துல மயக்கம் வந்தா உங்களைக் கீழ எறக்கிக்கினு வர ஒரு நாள் ஆகும்."

"ரெண்டு மாசத்துல பனி விழுந்து வழியை மூடிடுவாங்களே."

"அடுத்த வருஷம் போங்க."

"அடுத்த வருஷம் எனக்கு எழுபது" என்றேன். அவர் என் கையைத் தடவிக் கொடுத்தார். 

மூன்று நாள் படுக்க வைத்து உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா மேல் கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. அவள் கையில் இருந்ததை அவள் செய்தாள். என் கையில் எழுத்துக் கூட்டிப் படித்த தாள் இருந்தது. நான்தான் அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். இதை நினைத்து அழக்கூடத் தெம்பில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

நாத்தனாருக்குக் கையெழுத்துக் கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் சாயந்திரம் வந்தாள். நான் ராட்டையை விட்டு நிமிரவில்லை. "நீ இல்லாம நான் போகல அண்ணி" என்று சொல்வாள், நான் "போயிட்டு வா" என்று பெரிய மனதோடு சொல்ல வேண்டும் என்று வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் அப்படிச் சொல்லவேயில்லை.

"நான் போறேன் அண்ணி" என்றாள். "என் மேல கோவம் இருக்கும். இருக்கட்டும். வந்து பேசிக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். உள்ளே போய் என் ஷூவை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே அளவு கால்.

"உன்னுது அடி தேஞ்சுபோச்சு. இத்தப் போட்டுக்கினு போ."

அவள் மாட்டிப் பார்த்தாள். நாலடி நடந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "சாமியாண்ட உன்னப்பத்தி என்னா சொல்லட்டும்?"

"உப்பு போட்டுத் துன்றாங்கன்னு சொல்லு."

 முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் கிளம்பி நான்கு நாள் கழித்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாவது ஊசி போட வேண்டிய நாளில் நான் கையில் பாட்டிலோடு படுத்திருந்தேன். அதனால் அது பாக்கி நின்றது. அதே நர்ஸ் பெண்தான்.

"பயணம் இல்லன்னு டாக்டர் சொன்னாங்களேம்மா. அப்புறம் இந்த ஊசி எதுக்கு?"

"ரெண்டு போட்டாச்சு. மூணாவதையும் போட்டுடு. பாதியில விட்டு எனக்குப் பழக்கம் இல்ல."

 இடது கையை அவளாகவே தேடி எடுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். செருப்பில் நடப்பது இப்போது லேசாக, பிடிப்பில்லாமல் இருந்தது. வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். தெருமுனையில் எதிர்வீட்டுக்காரி காய்கறி வண்டியில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள்.

"இன்னும் ஊசி முடியலயா பெரிம்மா? அந்தக் கறுப்பு நாய்தானே?"

நேபாளத்திலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அப்புறம் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"ஆமாம்மா. அந்த நாய்தான்."

"நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல? பத்தியம் இருக்கீங்களா?"

"இல்ல" என்றேன். "இன்னிக்கிக் காராமணி போட்டுப் புளிக்குழம்பு வெச்சிருக்கறேன்."

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நான் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே அவர்கள் அந்நேரம் எந்த மலையில் ஏறிக்கொண்டிருந்தார்களோ தெரியாது. தட்டின் ஓரத்தில் உப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.